செயலாளர் ஆண்டறிக்கை: ரெட்கோட்காரர் வழுக்கி விழுந்த இடங்கள்

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்துக்குப் பின்னர் செயற்குழு வழமைபோல மாதம் ஒருமுறை கூடியது. கூட்டக் குறிப்புகள் கோப்பில் உள்ளன. தேநீர் இடைவேளையில் பார்க்கலாம். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். எனவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட ஒரேயொரு கருப்பொருளுக்கு ஒதுக்கியுள்ளேன்: பிரித்தானியக் கடற்கரை விடுமுறை முகாம்களில் விருந்தினரைச் சிரிக்கவைக்க அமர்த்தப்பட்ட ‘ரெட்கோட்காரர்’ போன்ற ஊழியர்கள், அவர்கள் நடத்திய நிகழ்ச்சிகள், அந்த நிகழ்ச்சிகள் எந்த இடத்தில், என்ன காரணத்தால் குழம்பும் என்பது.

முதற் கூட்டத்திலேயே ஓர் ஆட்சேபம் எழுந்தது. ‘முகாம்’ என்ற சொல் எங்களில் பலருக்கு மகிழ்ச்சியான சொல் அல்ல, அகதி முகாமையே நினைவூட்டும். வெறுமனே ‘முகாம்’ என்று அறிவித்தலில் போட்டால் வயதானவர்கள் மனம் நோகும் என்று சொல்லப்பட்டது. நியாயமான ஆட்சேபம். ‘விடுமுறை முகாம்’ என்று முழுதாக எழுதுவதென முடிவானது. நாம் வாழும் பிரித்தானியாவிலும் அந்த இரண்டு பொருளும் ஒரே வேலிக்குள் இருந்திருக்கின்றன. எசெக்ஸ் கரையில் டோவர்கோர்ட்டில் இருந்த விடுமுறை முகாமில்தான் 1938 டிசம்பரில் நாசி ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூதக் குழந்தைகள் தங்கவைக்கப்பட்டனர். போர் வந்ததும், கிழக்குக் கரை ஊரான ஸ்கெக்னஸில் இருந்த விடுமுறை முகாம் ‘ரோயல் ஆர்தர்’ என்ற பெயரில் கடற்படைப் பயிற்சி நிலையமானது. கப்பலுக்குரிய பெயர் சூட்டியதால் ஜெர்மன் வானொலி அதை ‘மூழ்கடித்துவிட்டோம்’ என்று அறிவித்ததாக ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது.

கருப்பொருளைத் தெரிவுசெய்த காரணம் எளியது. கோடை ஒன்றுகூடலை நடத்தும் எமது தொண்டர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று சென்ற ஆண்டு தீர்மானித்திருந்தோம். சாக்கோட்டம், மூன்றுகால் ஓட்டம், கயிறிழுத்தல், விநோத உடை: இவற்றை நாம் ஊர்ப் பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியில் பழகியவர்கள். அந்த ‘இல்லம்’ என்ற ஏற்பாடு பிரித்தானியப் பள்ளிகளிலிருந்து வந்தது. பில்லி பட்லின் என்பவர் தொடங்கிய விடுமுறை முகாம்களிலும் விருந்தினர்களை வின்ட்சர், கென்ட், குளோஸ்டர், யோர்க் என்று இல்லங்களாகப் பிரித்துத்தான் போட்டி நடத்தினார்கள். ஆக, நாம் படித்தது அந்நியர் கதை அல்ல. எமது மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவர்களின் கதை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடுமுறை முகாம் பில்லி பட்லினின் கண்டுபிடிப்பு அல்ல. மான் தீவில் கனிங்ஹாம் குடும்பத்தினர் 1894-இலேயே இளைஞர்களுக்குக் கூடார முகாம் நடத்தினர். நோர்ஃபோக் கரையில் கெய்ஸ்டரில் 1906-இல் ஒரு சோசலிச முகாம் எழுந்தது. ஹரி வார்னர் 1931-இல் ஹெய்லிங் தீவில் தொடங்கினார். 1899-இல் கேப் டவுனில் பிறந்த பட்லின், சந்தைத் திருவிழாக்களில் வளையம் எறியும் கடை போட்டு முன்னுக்கு வந்தவர். 1936 ஏப்ரல் 11 அன்று ஸ்கெக்னஸில் தனது முதல் முகாமைத் திறந்தார். திறந்துவைத்தவர் விமானி ஏமி ஜோன்சன். மூன்று வேளைச் சாப்பாடும் கேளிக்கையும் சேர்த்து வாரக் கட்டணம், பருவத்தைப் பொறுத்து 35 ஷில்லிங் முதல் 3 பவுண் வரை. சம்பளத்துடன் விடுமுறைச் சட்டம் 1938-இல் வந்தபோது கூட்டம் கூடுவதற்கு வழி திறந்தது.

எமக்கு வேண்டிய விடயம் அந்த முதல் வாரத்தில் நடந்தது. சாப்பாடு இருந்தது, குளம் இருந்தது, ஆனால் வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் விறைத்துப்போய் நின்றார்கள். முகாமைக் கட்டிய பொறியியலாளர்களில் ஒருவரான நோர்மன் பிராட்ஃபோர்டிடம் பட்லின், ‘போய் ஏதாவது செய்யும்’ என்ற பொருளில் சொன்னார். பிராட்ஃபோர்ட் ஒலிவாங்கியைப் பிடித்து நாலு பகிடி விட்டார், கூட்டம் இளகியது. இப்படிப்பட்டவர்கள் ஒரு படையாக வேண்டும், கூட்டத்தில் தெரியவும் வேண்டும் என்று சிவப்பு மேலங்கி, வெள்ளைக் காற்சட்டை என்ற சீருடை வந்தது. அவர்களே ரெட்கோட்காரர். இதைத் தமிழில் ‘செஞ்சட்டையர்’ என்று பெயர்க்கலாம் என ஒரு யோசனை வந்தது. மே தின ஊர்வலம் என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் கைவிட்டோம். போட்டி நிறுவனமான பொன்டினின் முகாம்களில் நீல மேலங்கி, வார்னரில் பச்சை.

அந்த ஸ்கெக்னஸ் முகாமின் முகப்பில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது: ‘எமது மெய்யான நோக்கம் எல்லாம் உங்கள் மகிழ்ச்சிக்கே.’ ஷேக்ஸ்பியரின் வரி. ஆனால் அது ‘நடுவேனிற் கனவு’ நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், மேடை அனுபவம் இல்லாத தச்சன் பீட்டர் குவின்ஸ் பிரபுக்களின் முன்னால் முன்னுரை சொல்லும் இடம். பயத்தில் நிறுத்தற்குறிகளை எல்லாம் தப்பான இடத்தில் போட்டுவிடுகிறான். அவன் வாயிலிருந்து வந்த பொருள் ஏறக்குறைய இது: ‘எமது மெய்யான நோக்கம் அதுவே. உங்கள் மகிழ்ச்சிக்காக நாம் இங்கே வரவில்லை.’ கேளிக்கைத் தொழிலின் தலைவாசலில் தொங்கிய வாசகம், அறிவிப்பாளர் ஒருவரின் மேடைக் குழப்பத்திலிருந்து வெட்டி எடுத்தது. இதை எமது ஆண்டின் முதற்பாடமாக வைத்துக்கொண்டோம்: அறிவித்தலை வாசிப்பவர் மூச்சு விடும் இடங்களைப் பென்சிலால் கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒலிபெருக்கி

இரண்டு கூட்டங்கள் இதற்கே போயின, போனதும் சரி. முகாமின் நாள் ஒலிபெருக்கியில்தான் விடிந்தது. காலையில் ‘ரேடியோ பட்லின்’ எழுப்பும், முதற்பந்திக்கு அழைக்கும், இரண்டாம் பந்திக்கு அழைக்கும், போட்டிகளை அறிவிக்கும். பிரித்தானியர் இதற்கு இன்றும் சொல்லும் பொதுச்சொல் ‘டனொய்’. அது 1926-இல் லண்டனில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் வர்த்தகப் பெயர். டன்டலம், ஈயக் கலவை என்ற இரண்டு உலோகப் பெயர்களின் ஒட்டு.

குழப்பங்களில் முதலாவது கீச்சொலி. ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம் மறுபடி ஒலிவாங்கிக்குள் நுழைந்து, பெருகி, திரும்பவும் வெளியே வந்து வட்டம் போடுவதே அது. புதியவர்கள் கீச்சென்றதும் ஒலிவாங்கியின் தலையைக் கையால் பொத்துவார்கள். அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது போல. பெரும்பாலான மேடை ஒலிவாங்கிகள் முன்பக்கச் சத்தத்தை வாங்கி, பின்பக்கத்தை ஒதுக்கும்படி அமைந்தவை. அந்த ஒதுக்கலைச் செய்வது தலைக்குப் பின்னால் உள்ள துளைகள். பொத்தினால் அவை அடைபட்டு, ஒலிவாங்கி எல்லாத் திசையிலிருந்தும் வாங்கத் தொடங்கும், கீச்சு இரட்டிக்கும். செய்யவேண்டியது மூன்று: பெட்டிகள் பேசுபவருக்கு முன்னால், கூட்டத்தை நோக்கி நிற்கட்டும்; வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் நாலைந்து சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி வேண்டாம்; அப்படிக் கிட்ட வைத்துப் பேசினால் ஒலியளவைக் குறைக்கலாம்.

இரண்டாவது, திறந்தவெளியில் நாக்குக் குழறுவது. ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். 34 மீற்றர் தூரத்தில் நிற்கும் பெட்டியின் சத்தம் உங்கள் காதுக்கு வினாடியின் பத்திலொரு பங்கு பிந்தி வரும். நீச்சற்குளத்தின் அந்தக் கரையில் ஒரு பெட்டி, மைதானக் கோடியில் இன்னொன்று என்றால் உங்கள் குரல் உங்களை இரண்டு தடவை துரத்தும். மனிதர் தம் குரலையே பத்தில் ஒன்று, இரண்டு வினாடி பிந்திக் கேட்டால் தடுமாறித் திக்குவார்கள். இது குடிவெறி அல்ல, காதின் இயல்பு. மருந்து: குறுகிய வசனம், வசனத்துக்குப் பின் முழு நிறுத்தம், எதிரொலி அடங்கியபின் அடுத்தது. பழைய முகாம் அறிவிப்பாளர்கள் இழுத்து, நிறுத்தி, பாடுவதுபோலப் பேசியதைப் பகிடி பண்ணுகிறோம். அந்த இழுவையில் தொழில் இருந்தது.

மூன்றாவது, அணைக்க மறந்த ஒலிவாங்கி. இதற்கு இயற்பியல் விளக்கம் இல்லை. சமையற்கட்டைப் பற்றியோ விருந்தினரின் முழங்காலைப் பற்றியோ மேடைக்குப் பின்னால் சொல்ல நினைப்பதை, ஆளியில் ‘நிறுத்தம்’ தெரிகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு சொல்லுங்கள். அல்லது சொல்லாதிருங்கள்.

மாலை நடனம் நடக்கையில் குழந்தைகள் குடில்களில் தூங்கும். காவல் சுற்றி வருபவர்கள் அழுகைச் சத்தம் கேட்டால் தகவல் அனுப்ப, நடனமண்டபத்திலோ அரங்கிலோ ‘இந்த இலக்கக் குடிலில் குழந்தை அழுகிறது’ என்ற ஒளிப்பலகை எரியும். உச்சக்கட்டப் பகிடிக்கு இரண்டு சொல் முன்னால் பலகை எரிந்து, பத்துத் தாய்மார் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பதைச் சமாளிப்பது ஒரு கலை. பலகை எரிந்தால் பகிடியை நிறுத்தி, இலக்கத்தை நீங்களே உரக்க வாசித்து, உரியவர் வெளியேறியபின் பகிடியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் விட்ட பகிடி நடுவிலிருந்து எழும்பாது.

மைதானம்

சாக்கோட்டத்தில் விழுவதற்குக் காரணம் வேகம் அல்ல, சாக்கு. சணல் சாக்கு இடுப்புக்கு மேலே வரும் உயரம் இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் குனிந்து பிடிப்பார்கள், குனிந்தால் பாரம் முன்னுக்குப் போகும், மூக்கு நிலத்துக்கு வரும். பாதங்கள் சாக்கின் இரண்டு மூலைகளிலும் முட்டி நிற்க வேண்டும். சரிவான புல்லில் கீழ்நோக்கி ஓடவிடக் கூடாது. எங்கள் ஊர்ச் சீனிச்சாக்கு நல்ல அளவு. இங்கே கடையில் விற்கும் விளையாட்டுச் சாக்குகள் பிள்ளைகளுக்கானவை.

மூன்றுகால் ஓட்டத்தில் கயிறு வேண்டாம். நான்கு விரல் அகலத் துணிப்பட்டி, கணுக்காலுக்குச் சற்று மேலே, ஒரே இழுவையில் அவிழும் முடிச்சு. கட்டிய காலையே முதலில் எடுத்து வைப்பதென இருவரும் புறப்பட முன் சத்தமாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். கணவன் மனைவி சோடிகளில் சொல்லிக்கொள்வது குறைவு, விழுவது அதிகம்.

கயிறிழுத்தலில் சிரிப்பு எல்லை தாண்டினால் ஆபத்து. போட்டி விதிப்படி ஓர் அணியில் 8 பேர், கயிறு குறைந்தது 33.5 மீற்றர், சுற்றளவு 10 முதல் 12.5 சென்ரிமீற்றர், 4 மீற்றர் இழுத்தால் வெற்றி. முகாம் பாணியில் நடப்பது வேறு: தோற்கும் பக்கம் பார்வையாளர் ஓடிவந்து பிடிப்பார்கள், மறுபக்கமும் பிடிக்கும், எண்பது பேர் ஆகிவிடும். எட்டுப் பேருக்கான கயிறு எண்பது பேரைத் தாங்க உண்டானது அல்ல. நைலோன் கயிறு இழுபட்டு நீண்டு, அறுந்தால் சவுக்குப்போல் திரும்பும், ஆகவே நார்க்கயிறே. கையில் சுற்றக் கூடாது. கயிறு நழுவும்போது விரல் அதோடு போகும். இந்த ஒரு விடயத்தில் நடுவர் பகிடிக்காரராக இருக்கக் கூடாது என்று செயற்குழு கருதுகிறது.

கழுதைப் பந்தயம் எமக்குச் சாத்தியமில்லை என்றாலும், பேச்சு சுவையாகப் போனதால் பதிகிறேன். கழுதை பயந்தால் குதிரைபோல் ஓடாது, நின்றுவிடும். அதைத்தான் பிடிவாதம் என்கிறோம். இன்னொன்று, கழுதைகள் சோடியாகப் பழகுபவை. தோழன் நின்றால் தானும் நிற்கும். முன்னணியில் போன கழுதை, கடைசியில் நிற்கும் நண்பனைத் தேடித் திரும்பி வருவதும் உண்டு. அதற்கு மேலே சிவப்பு மேலங்கியில் ஒருவர் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கடற்கரைக் கழுதைகளுக்கு இங்குள்ள நல எல்லை 8 ஸ்டோன், அதாவது ஏறத்தாழ 50 கிலோ. வளர்ந்த ஆண்களில் பெரும்பாலானோர் அங்கேயே கழிந்துவிடுவர்.

அழகுப் போட்டிகள் எனப்படுபவை

எலும்பு துருத்திய முழங்கால் போட்டி இந்த முகாம்களின் முத்திரை. ஆண்கள் காற்சட்டையை மடித்துவிட்டு வரிசையாக நிற்க, நடுவர் முழங்காலைப் பார்த்து, சில வேளை கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்த்து, தீர்ப்புச் சொல்வார். பார்க்க முட்டாள்தனம். ஆனால் அமைப்பு கெட்டித்தனமானது: திறமை தேவையில்லை, யாரும் தோற்றதாக உணர்வதில்லை, வெட்கப்படுபவர்கூட இன்னும் பத்துப் பேரோடு சேர்ந்துதான் வெட்கப்படுகிறார்.

எமக்குப் பரிந்துரைக்கப்பட்ட முறை: திரையைக் கட்டி, அதன் கீழ்விளிம்பை நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றரில் வையுங்கள். வளர்ந்தவரின் முழங்கால் பொதுவாக 45 முதல் 55-க்குள் வரும். முழங்கால் தெரியும், முகம் தெரியாது. திரையைக் கம்பியில் கோக்காமல் இரண்டு பேர் பிடிக்கக் கொடுத்தால் கை களைத்து இறங்கும், அல்லது பகிடிக்கு ஏறும். இலக்க அட்டையைத் திரையில் குத்தாமல் காலுறையில் குத்துங்கள். போட்டியாளர் இடம் மாறினால் திரை இலக்கம் தப்பான ஆளுக்குப் பரிசு வாங்கிக் கொடுக்கும். தீர்ப்பைக் கைதட்டலுக்கு விடாதீர்கள். கைதட்டல் முழங்காலை அளப்பதில்லை, உறவினர் தொகையை அளக்கும். எங்கள் சமூகத்தில் இதை விளக்கத் தேவையில்லை.

கவர்ச்சிப் பாட்டி போட்டி பற்றி ஒரே ஒரு விதி: மேடையில் வயது கேட்கக் கூடாது. ‘எத்தனை பேரப்பிள்ளைகள்?’ என்று கேளுங்கள். பதில் நீண்டால் அதுவே நிகழ்ச்சி.

பிங்கோ, ஊரில் நாம் ஹவுஸி என்போமே, அதில் 90 பந்துகள். சீட்டில் மூன்று வரிசை, வரிசைக்கு 5, மொத்தம் 15 இலக்கம். ஆறு சீட்டு சேர்ந்த ஒரு தாளில் 1 முதல் 90 வரை ஒவ்வொன்றும் ஒரேயொரு தடவை வரும். எனவே முழுத்தாள் வாங்கியவர் ஒவ்வோர் அழைப்புக்கும் எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டே ஆக வேண்டும். போடவில்லையென்றால் அழைத்தவர் தப்பாகச் சொன்னாரா, தான் தப்பாகக் கேட்டாரா என்று சண்டை. ஆங்கிலத்தில் 13-உம் 30-உம், 14-உம் 40-உம் இரைச்சலில் ஒன்றாகிவிடும் என்பதால் இலக்கங்களைப் பிரித்தும் சொல்வார்கள். 88-க்கும் 11-க்கும் பட்டப்பெயர் சொல்வதும் பாதி அதற்காகத்தான். தமிழில் அந்தச் சிக்கல் இல்லை என்று பெருமைப்பட்டபோது, எழுபதும் எண்பதும் மட்டமான ஒலிபெருக்கியில் எப்படிக் கேட்கும் என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வந்தது. ஏற்றுக்கொண்டோம். ‘ஏழு, பூச்சியம், எழுபது’ என்றே அழைக்க வேண்டும். பந்தைத் தட்டில் வைத்த பின்னர்தான் வாய் திறக்க வேண்டும். யாராவது கத்தினால் சீட்டைச் சரிபார்த்து முடியும்வரை கை அடுத்த பந்துக்குப் போகக் கூடாது.

நுரை, வாளி, குதிரை

மேடைப் பகுதியில் அதிக நேரம் எடுத்தது ‘ஸ்லொஷ்’ காட்சி. சுவரில் கடதாசி ஒட்ட மூன்று பேர் வருவார்கள். ஏணி, பலகை, பசை வாளி. ஐந்து நிமிடத்தில் சுவரைத் தவிர எல்லாவற்றிலும் பசை. பட்லின் மேடைகள் மட்டுமல்ல, நத்தார்க்கால நகைச்சுவை இசைநாடகமான பன்டமைம் மேடைகளும் இதைக் கைவிட்டதில்லை.

பசை எதால் செய்வது என்பதுதான் கேள்வி. கோதுமைமாப் பசை காய்ந்து இறுகும், கம்பளித் துணியிலிருந்து போகாது, மூக்கை அடைக்கும். பாலாடைக் கிறீம் விளக்கு வெக்கையில் புளித்து நாறும், கொழுப்புக் கறை விடும். டின்னில் வரும் சவர நுரை கண்ணை எரிக்கும், சீக்கிரம் தண்ணீராகும். மேடைக்காரர் பழைய முறையாகச் செய்வது கட்டிச் சவரச் சவர்க்காரம். 100 கிராம் கட்டியைத் தேங்காய் துருவுவது போல் துருவி, அரை லிட்டர் சூடான நீரில் இட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் மின் அடிப்பானால் அடியுங்கள். அகப்பையைத் தூக்கினால் நுனி நிமிர்ந்து நிற்கும் பதம் வரவேண்டும். அதிகம் தண்ணீர் விட்டால் வழியும். வழிந்தால் முகத்தில் நில்லாது, சிரிப்பும் நில்லாது. நிறத்துக்கு உணவுச்சாயம் சில துளி. சிவப்பு வேண்டாம், காயம் போலத் தெரியும்.

தட்டு கடதாசித் தட்டு. எறியக் கூடாது, கையெட்டும் தூரத்திலிருந்து கன்னத்தில் வைத்துத் திருப்ப வேண்டும். வாங்குபவர் கண்ணை மூடி, மூக்கால் மூச்சை வெளியே விட்டபடி வாங்க வேண்டும். உள்ளே இழுத்தால் சவர்க்காரம் தொண்டைக்குப் போகும்.

உண்மையான விழுகை நடப்பது முகத்தில் அல்ல, நிலத்தில். பிளாஸ்ரிக் படங்கின்மேல் சவர்க்கார நுரை பனிக்கட்டிக்குச் சமம். படங்கை விரித்து, அதன்மேல் கித்தான் துணியைப் பரப்புங்கள். ஓரங்களைச் சுருட்டி வரம்பு கட்டுங்கள். வெளியேறும் வழியில் ஈரத் துவாய் ஒன்று. அடுத்த நிகழ்ச்சி நடனமாக இருந்தால் வரிசையை மாற்றுங்கள். இது சொல்லவேண்டியதே இல்லை என்று தோன்றும். நிகழ்ச்சிநிரலைப் பாருங்கள், பாதித் தடவை நடனம்தான் அடுத்தது.

வாளி வித்தை எல்லோரும் அறிந்தது. முதல் வாளியில் தண்ணீர், அது சக நடிகரின் தலையில். இரண்டாவது வாளியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை நோக்கி ஓடி வீச, வருவது கடதாசித் துண்டு. இரண்டும் ஒரே மாதிரி வாளியாக இருந்தால்தான் வித்தை. ஒரே மாதிரி வாளியாக இருப்பதால்தான் விபத்தும். மேடைக்குப் பின்னால் இருட்டு, எனவே நிறத்தால் அடையாளம் வைத்துப் பயனில்லை. கடதாசி வாளியின் கைப்பிடியில் நூலைத் தடிப்பாகச் சுற்றிவிடுங்கள், கை அறியும். பாரத்தை நம்பலாமே என்றார் ஒருவர். ஓடுகிற பதற்றத்தில் யாரும் பாரத்தை எண்ணுவதில்லை.

இரட்டையர் குதிரை, அதாவது இருவர் உள்ளே புகுந்து ஆடும் குதிரை வேடம். முன்னவர் நிமிர்ந்து தலைக்குள். பின்னவர் இடுப்பில் மடிந்து, முன்னவரின் இடுப்புப்பட்டியைப் பிடித்தபடி. முன்னவர் குதிரையின் வாயால் பார்ப்பார். பின்னவர் ஒன்றும் பார்க்க மாட்டார். குதிரை மேடையிலிருந்து விழுவது பெரும்பாலும் பின்கால் வழியாக, ஏனென்றால் முன்னவர் திரும்பும்போது பின்னவர் பெரிய வட்டம் போடுகிறார், மேடையின் விளிம்பு அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. விளிம்பிலிருந்து ஒரு குதிரை நீளம் உள்ளே வெள்ளைக்கோடு போடுங்கள். இருவரும் ஒரே பக்கக் காலைத் தூக்க வேண்டும். ‘இடம், வலம்’ என்று முன்னவர் முணுமுணுக்க வேண்டும். நடுவைத் தைக்காமல் ஒட்டுப்பட்டியால் பிணையுங்கள்: முன்னவர் விழுந்தால் பின்னவராவது தப்பட்டும். உள்ளே வெக்கை, குனிந்த முதுகு. ஐந்து நிமிடத்துக்கு மேல் குதிரை மேடையில் நிற்கக் கூடாது. முக்கியமாக, பின்னவர் அன்று மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்பதைவிட முன்னவர் என்ன சாப்பிட்டார் என்பதைக் கவனியுங்கள்.

வார முடிவில் ரெட்கோட்காரரை உடையோடு குளத்தில் தள்ளுவது விருந்தினரின் உரிமைபோல் இருந்தது. கம்பளி மேலங்கி தண்ணீர் குடித்துக் கனக்கும். சிவப்புச் சாயம் இளகினால் வெள்ளைக் காற்சட்டை இளஞ்சிவப்பாகும். தள்ளப்படப் போகிறவர் மணிக்கூட்டைக் கழற்றி வைத்திருந்தால், அது எதிர்பாராத விபத்து அல்ல என்று கூட்டம் கண்டுபிடித்துவிடும்; எனவே காலையிலேயே கழற்றிவிட வேண்டும். ஆழமான பக்கம் மட்டும், நீந்தத் தெரிந்தவர் மட்டும். சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகத் தோய்க்காதீர்கள் என்று மகளிர் பிரிவு கேட்டுக்கொண்டது. ஆண்கள் பிரிவுக்குக் குறிப்பாக.

சாப்பாட்டு மண்டபத்தில் பரிசாரகர் தட்டைப் போட்டுடைத்தால் முழு மண்டபமும் ஆர்ப்பரிக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. உடைத்தவருக்கு அது பாதுகாப்பு: சத்தத்தில் வெட்கம் கரைந்துவிடும். எமது மண்டபத்தில் தட்டுகள் வாடகைக்கு எடுத்தவை. ஆர்ப்பரிக்கலாம், ஊக்குவிக்க வேண்டாம் என்பது பொருளாளரின் நிலைப்பாடு.

ஜோன் ஹைன்டின் நிறுவனம் வெளியிட்ட முகாம் தபாலட்டைகளை ஒரு மாலை பார்த்தோம். இயல்பான கூட்டம்போல் தெரியும் அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் விளக்கு வைத்து, ஆட்களை இடத்துக்கு இடம் நிறுத்தி எடுத்தவை. கூர்ந்து பார்த்தால் யாரோ ஒருவர் மட்டும் தவறாமல் கமெராவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ரெட்கோட்காரராகத் தொடங்கிப் பேர்பெற்றவர்களில் டெஸ் ஓகொனர், ஜிம்மி டார்பக், ரோய் ஹட் ஆகியோர் உண்டு. ரிங்கோ ஸ்டார் 1962 ஆகஸ்டில் பீட்டில்ஸ் குழுவில் சேர்ந்தபோது ஸ்கெக்னஸ் முகாமில் வேறொரு குழுவுக்கு மேளம் அடித்துக்கொண்டிருந்தார். ஃபைலியும் கிளக்டனும் 1983-இல் மூடப்பட்டன. இன்று பட்லின் பெயரில் எஞ்சியவை ஸ்கெக்னஸ், மைன்ஹெட், போக்னர் ரீஜிஸ் மூன்றுமே. ஸ்கெக்னஸில் முதற்காலக் குடில் ஒன்று பாதுகாக்கப்பட்ட கட்டடமாக நிற்கிறது. அங்கத்தவர் பலர் பார்க்க விரும்புவதால் அடுத்த செயற்குழு பேருந்து ஒழுங்கைக் கவனிக்கும்.

செயற்குழு பரிந்துரைக்கும் கொள்வனவுகள்: நார்க்கயிறு ஒன்று, பெரிய அளவு சணல் சாக்கு பன்னிரண்டு, கித்தான் விரிப்பு ஒன்று, ஒரே மாதிரி வாளி இரண்டு. தொண்டர்கள் ஒவ்வொருவரும் பையில் வைத்திருக்க வேண்டியவை: விசில், பென்சில், ஊசி நான்கு, கைக்குட்டை இரண்டு.

வரும் ஆண்டுக்கான தலைவர், உபதலைவர், பொருளாளர், கணக்காய்வாளர் பதவிகளுக்கு விண்ணப்பங்கள் கிடைத்துள்ளன. குதிரைத் தலைக்கு ஐந்து பேர் பெயர் கொடுத்துள்ளனர். பின்பகுதிக்கு இதுவரை எவரும் இல்லை. முடிவுத் திகதியை இரண்டு வாரம் நீட்டியுள்ளோம்.

நன்றி. வணக்கம்.

செயலாளர்